100 சிசி பைக்கை வீட்டிலேயே 125 ஆக்கலாமா? போர் கிட் விலையில் வராத செலவுகள்



போனஸ் வர்ற மாசம் வந்தாலே நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி கேள்விகள்தான் வரும். தங்கம் வாங்கலாமா, எஸ்ஐபி போடலாமா, போன் மாத்தலாமா? இந்த முறை ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது கொஞ்சம் வேற மாதிரி.

"அண்ணா, பழைய ஸ்ப்ளெண்டர் வெச்சிருக்கேன். தினமும் வேலைக்கு அதுலதான் போறேன். பிக்கப் பத்தல. புது பைக் எடுத்தா லட்சத்துக்குப் பக்கத்துல வந்துடும். போர் கிட் வாங்கி நானே வீட்டுல 125 சிசி ஆக்கிட்டா 15, 20 ஆயிரத்துல முடிஞ்சிடும்ல? இது சேமிப்புதானே?"

கேள்வி நியாயமானதுதான். ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம், அரியலூர், விருத்தாசலம், நெய்வேலின்னு வேலைக்குப் போறவங்களுக்குப் பைக்தான் காலும் கையும். நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துக்கு பஸ் கிடைக்கிறது கஷ்டம். அரியலூர் பக்கம் போனா சிமெண்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் வரிசையா போகும். அதுக்குப் பின்னாடி புழுதி தின்னுக்கிட்டே போற 100 சிசி வண்டிக்காரருக்கு 'இன்னும் கொஞ்சம் பவர் இருந்தா ஓவர்டேக் பண்ணிடலாமே'ன்னு தோணத்தான் செய்யும்.

ஆனா என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். தினமும் ரோட்டில் ஓட்டுற, உங்க பேரில் ஆர்சி இருக்கிற வண்டியில் இதைப் பண்ணாதீங்க. இன்ஜினை வீட்டுல மாத்திடலாம். ஆர்சியையும் இன்சூரன்ஸையும் வீட்டுல மாத்த முடியாது. வண்டி ஒரு சிசி, காகிதம் இன்னொரு சிசின்னு ஆன பிறகு நடக்கிற எல்லாத்துக்கும் பில் உங்க சம்பளத்துக்குத்தான் வரும். அந்தப் பில் எவ்வளவு பெரிசாகலாம்னு கணக்குப் போட்டுக் காட்டத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, சிசி ஏத்துறதுன்னா என்ன?

சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போய் வரும்போது அடைக்கிற இடத்தோட கொள்ளளவுதான் சிசி. ரெண்டு அளவு தெரிஞ்சா போதும். சிலிண்டரின் விட்டம், அதாவது போர். பிஸ்டன் பயணம் பண்ற தூரம், அதாவது ஸ்ட்ரோக்.

ஸ்ப்ளெண்டரில் போர் 50 மிமீ, ஸ்ட்ரோக் 49.5 மிமீ. பள்ளிக்கூடத்தில் படிச்ச உருளை கன அளவு சூத்திரத்தில் போட்டுப் பாருங்க, 97.2 சிசி வரும். ஸ்ட்ரோக்கைத் தொடாம போரை மட்டும் 57 மிமீ ஆக்கினா 126 சிசி தாண்டிடும். 7 மிமீ அகலத்துக்கு 29 சிசி. போர் கிட் வியாபாரத்தின் கவர்ச்சியே இதுதான்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பிரியர்களுக்கு இந்தக் கதை புதுசில்ல. 1985-லிருந்து 1996 வரை வந்த அந்த வண்டியில் போர் 50, ஸ்ட்ரோக் 50, மொத்தம் 98 சிசி. பின்னாடி வந்த ஆர்எக்ஸ் 135-ல் ஸ்ட்ரோக் அதே 50 தான், போர் மட்டும் 58. அதனால 132 சிசி. 'நூறுக்கு 135 போர் ஏத்துறது' பட்டறைகளில் ரொம்ப வருஷமா நடக்குற வேலை.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். இன்ஜின் தேய்ஞ்சு புகை தள்ளும்போது லேத் பட்டறையில் கொடுத்து போர் பண்ணி, 0.25 அல்லது 0.50 மிமீ ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க இல்லையா? அது ரிப்பேர். 0.50 ஏத்தினாலும் ஸ்ப்ளெண்டர் 99 சிசிதான் வரும். வண்டியின் இயல்பு மாறாது. நான் பேசுறது அதைப் பத்தி இல்ல. 100-ஐ 125, 150-ஐ 180-ன்னு வேற வகுப்புக்கே தூக்குற வேலையைப் பத்தி.

இன்னொண்ணும் கவனிங்க. ஹீரோ கம்பெனியே 125 சிசியில் சூப்பர் ஸ்ப்ளெண்டர் கொண்டு வந்தப்போ 100 சிசி பிளாக்கை அகலப்படுத்தி அதைச் செய்யல. 124.7 சிசி இன்ஜினுக்கு போர் 52.4, ஸ்ட்ரோக் 57.8. அதாவது கிராங்க்கே வேற. பெரிய தொழிற்சாலையும் பரிசோதனைக்கூடமும் வெச்சிருக்கிறவங்களுக்கு, பிளாக்கை மட்டும் மாத்தி 125 ஆக்குறது லாபம்னா அதைச் செஞ்சிருக்க மாட்டாங்களா?

கிட் விலை ஒண்ணு, மொத்த பில் ஒண்ணு

ஆன்லைனில் பார்க்கிற விலை பிளாக், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் இவ்வளவுக்குத்தான். வேலை அங்க ஆரம்பிக்குது, முடியல.

பெரிய பிஸ்டன் கனமா இருக்கும். பழைய பிஸ்டனுக்குச் சமன் பண்ணின கிராங்க்குக்கு அது புது பாரம். வைப்ரேஷன் கூடும், கனெக்டிங் ராடு பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். காத்து அதிகம் இழுக்கிற இன்ஜினுக்குப் பெட்ரோலும் அதிகம் வேணும். அதனால கார்புரேட்டர் ஜெட் மாத்தணும், சில நேரம் கார்புரேட்டரையே மாத்தணும். கலவை பத்தாம போனா சூடு ஏறும். காத்தால மட்டுமே குளிர்ற சின்ன இன்ஜின், பிளாக்கில் இருக்கிற ஃபின்னெல்லாம் 97 சிசி சூட்டுக்குக் கணக்குப் பண்ணினது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் நிறுத்தாம ஓட்டினா பிஸ்டன் சீஸ் ஆகுற வாய்ப்பு அதிகம். சீஸ் ஆச்சுன்னா போட்ட கிட்டும் போச்சு. அப்புறம் கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாமே புது பவரைத் தாங்கணும்.

உங்க வண்டி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கின பிஎஸ் 6 மாடலா? அப்ப கதை இன்னும் கஷ்டம். அதில் கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோலை அளந்து பீச்சுற ஃப்யூவல் இன்ஜெக்ஷன் இருக்கு. எவ்வளவு பீச்சணும்னு முடிவு பண்றது ஈசியு என்கிற கம்ப்யூட்டர். 97 சிசிக்கு எழுதின கணக்கை வெச்சுக்கிட்டு அது 126 சிசிக்கு ஊட்ட முடியாது. ஸ்பேனரால் தீர்க்கிற பிரச்சினை இல்ல இது.

இப்ப ஒரு மாதிரிக் கணக்கு. இதுல இருக்கிற விலையெல்லாம் நான் பேச்சுக்கு வெச்சது. உங்க ஊர் மெக்கானிக் சொல்ற விலையை நீங்க போட்டுக்குங்க.

- பிளாக் பிஸ்டன் கிட்: ரூ. 6,000
- லேத் வேலை, ஹெட் வேலை: ரூ. 3,000
- கார்புரேட்டர், கிளட்ச் பிளேட்: ரூ. 4,000
- செயின் ஸ்ப்ராக்கெட்: ரூ. 2,000
- டூல்ஸ், ஆயில், முதல் தடவை சரியா வராம மறுபடி பிரிச்சு மாட்டுற செலவு: ரூ. 5,000

மொத்தம் ரூ. 20,000. மாசம் 22,000 கைக்கு வர்ற ஒருத்தருக்கு இது கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம்.

அடுத்தது பெட்ரோல். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, இப்ப லிட்டருக்கு 60 கொடுக்குற வண்டி கிட் போட்ட பிறகு 45 கொடுக்குதுன்னு வெச்சுக்குவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னா, மாசச் செலவு 1,667-லிருந்து 2,222 ஆகும். வித்தியாசம் 555 ரூபாய். வருஷத்துக்கு சுமார் 6,660. மூணு வருஷத்துக்கு இன்னொரு 20,000.

ஆக '20 ஆயிரத்தில் 125' மூணு வருஷத்தில் 40 ஆயிரம் ஆயிடுச்சு. இதுவரைக்கும் இது வெறும் செலவுதான். விருப்பம் இருந்தா தாங்கிக்கலாம்னு நீங்க சொல்லலாம், நானும் ஒத்துக்குவேன். தாங்க முடியாதது இனிமேதான் வருது.

ஆர்சியில் இருக்கிற அந்த ஒரு எண்

ஆர்சியை எடுத்துப் பாருங்க. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மாதிரியே கியூபிக் கெப்பாசிட்டியும் பதிவாகியிருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்றது இதுதான்: ஆர்சியில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாம மாத்தினா ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ரெண்டும்.

சட்டம் எல்லா மாற்றத்தையும் தடுக்கல. அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட், எலக்ட்ரிக் கிட், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாத்தி அமைக்கிறது, இதுக்கெல்லாம் ஆர்டிஓ ஆபீஸ் மூலமா முறையான வழி இருக்கு. உங்க வீட்டுத் திண்ணையில் உக்காந்து போடுற போர் கிட் அந்தப் பட்டியலில் இல்ல.

'யாருக்குத் தெரியப்போகுது'ன்னு கேப்பீங்க. இன்ஜின் நம்பர் அடிச்சிருக்கிறது கிராங்க் கேஸில். கிட்டில் மாறுறது மேல இருக்கிற பிளாக். அதனால நம்பர் அப்படியே இருக்கும், வழியில் மடக்குற போலீஸ்காரருக்குத் தெரியாது. உண்மைதான். சாதாரண நாளில் தெரியாது.

ஆனா விபத்து நடந்த நாள் சாதாரண நாள் இல்ல. போலீஸ் கேஸ் ஆன விபத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வருவார். பெரிய தொகை கேட்கிற வழக்குன்னா கம்பெனி தரப்பு காரணம் தேடும். அன்னைக்கு இன்ஜினைப் பிரிச்சு ஒரு வெர்னியர் வெச்சு அளந்தா போதும். பழைய வண்டிக்காரங்களுக்கு இன்னொரு சோதனையும் இருக்கு: 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்சி புதுப்பிக்க வண்டியை நேரில் காட்டணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை.

இன்சூரன்ஸ்: 652 ரூபாய் ஒரு பக்கம், 38 லட்சம் ஒரு பக்கம்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு நிதானமா படிங்க.

டூவீலர் தேர்ட் பார்ட்டி பிரீமியம் சிசியை வெச்சுத்தான் முடிவாகுது. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி வருஷத்துக்கு:

- 75 சிசி வரை: ரூ. 538
- 75-க்கு மேல் 150 வரை: ரூ. 714
- 150-க்கு மேல் 350 வரை: ரூ. 1,366
- 350-க்கு மேல்: ரூ. 2,804

இதுக்கு மேல ஜிஎஸ்டி தனி.

100-ஐ 125 ஆக்கினா அதே 714 தான். பிரீமியத்தில் கம்பெனிக்கு நஷ்டமே இல்லன்னு வாதம் பண்ணலாம். 150-ஐ 180 ஆக்கினா 714 கட்டவேண்டிய இடம் 1,366 ஆகுது. நீங்க மறைக்கிற தொகை வருஷத்துக்கு 652 ரூபாய்.

ரெண்டு கேஸிலும் பிரச்சினை ஒண்ணுதான். பாலிசி என்பது நீங்க சொன்ன விவரத்தை நம்பிப் போட்ட ஒப்பந்தம். கிட் போட்ட பிறகு வருஷா வருஷம் போனில் ரெண்டு நிமிஷத்தில் புதுப்பிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் பழைய சிசியை உறுதி பண்ணித்தான் பணம் கட்டுறீங்க.

முதல்ல ஓன் டேமேஜ். வண்டி திருடு போனாலோ நொறுங்கினாலோ, தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க கம்பெனிக்கு வழி இருக்கு. இது உங்க நஷ்டம், வண்டி விலையோட முடிஞ்சிடும்.

தேர்ட் பார்ட்டி அப்படி முடியாது. மத்தவங்களுக்கு உயிர்ச்சேதம் ஆனா இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும்னு ஒரு உதாரணம் பாருங்க.

இறந்தவருக்கு 28 வயசு. மாச வருமானம் 20,000. மனைவி, ஒரு குழந்தை, அம்மா, மூணு பேர் அவரை நம்பி இருக்காங்க.

- வருஷ வருமானம்: ரூ. 2,40,000
- நிரந்தர வேலை இல்லாத, 40 வயசுக்குக் குறைஞ்சவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்த்தா: ரூ. 3,36,000
- அவரோட சொந்தச் செலவுக்கு மூணில் ஒரு பங்கு கழிச்சா: ரூ. 2,24,000
- 26 முதல் 30 வயசுக்கான பெருக்கு எண் 17: ரூ. 38,08,000

இந்த முறை உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துக் கொடுத்தது. இறுதிச் சடங்கு போன்ற சில தொகைகள் இதுக்கு மேல தனியா சேரும். மாசம் 20,000 சம்பாதிச்ச ஒரு சாதாரண ஆளுக்கே 38 லட்சம்.

பாலிசி சுத்தமா இருந்தா இந்தப் பணத்தை கம்பெனி கட்டும். முக்கியமான விவரத்தை மறைச்சு எடுத்த பாலிசின்னு வாதாட பிரிவு 150 கம்பெனிக்கு இடம் கொடுக்குது. தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏத்துக்கிட்டா, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு கம்பெனி கொடுக்கட்டும், அப்புறம் உரிமையாளர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு உத்தரவு வரலாம். எல்லாக் கேஸும் இப்படி முடியும்னு நான் சொல்லல. வக்கீல் வாதம், ஆதாரம், விபத்து நடந்த விதம், இதையெல்லாம் பொறுத்தது. ஆனா 38 லட்சத்தை மாசம் 5,000-மா கட்டினா வட்டியே இல்லாம 63 வருஷம் ஆகும். நூத்துல ஒரு வாய்ப்பு இருந்தாலும், சம்பளத்தை நம்பி வாழுற குடும்பம் அந்த வாய்ப்பை எடுக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் எடுக்கிறதே தாங்க முடியாத நஷ்டத்தை இன்னொருத்தர் தலையில் வைக்கத்தான். வருஷா வருஷம் பிரீமியமும் கட்டிட்டு, அந்தப் பாதுகாப்பில் நம்ம கையாலயே ஓட்டை போடுறது எந்தக் கணக்கிலும் சேமிப்பாகாது.

பிரேக் அதே பிரேக்தான்

புது டூவீலர்களில் 125 சிசி வரை சிபிஎஸ் இருந்தா போதும், அதுக்கு மேல ஏபிஎஸ் கட்டாயம்னு ஒரு விதி வந்துச்சு. 2019 ஏப்ரல் முதல் விற்பனையான எல்லா வண்டிக்கும் அது பொருந்துச்சு. பவர் கூடினா நிறுத்துற சக்தியும் கூடணும் என்பது இதுக்குப் பின்னாடி இருக்கிற காரணம்.

போர் கிட் டப்பாவுக்குள்ள பிரேக் வராது. ஸ்ப்ளெண்டரின் டிரம் பிரேக் மாடலில் இருக்கிறது 130 மிமீ டிரம். 60-ல் போற வண்டி 80-ல் போனா, நிறுத்த எடுக்கும் தூரம் சுமார் 1.8 மடங்கு ஆகும். லாரியை ஓவர்டேக் பண்ற பவர் கிடைச்சிடும். எதிர்ல ஒரு டிராக்டர் திரும்பினா நிக்கிறதுக்கான தூரம் கிடைக்காது. ஆண்டிமடம் சுத்துவட்டாரத்தில் முந்திரித் தோப்புக்கு நடுவுல போற கிராமத்து ரோட்டில், ஆடு மாடு எப்ப குறுக்கே வரும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

விக்கும்போது என்ன ஆகும்?

20,000 செலவு பண்ணினா வண்டி விலை 20,000 ஏறும்னு நினைக்காதீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்க வர்றவர் முதல்ல கேக்குற கேள்வி 'இன்ஜின் பிரிச்சதா?' பிரிச்சதுன்னு சொன்னா பேரம் கீழ போகும். ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கிறவங்க இதை ரெண்டு தடவை யோசிக்கணும். அந்த வண்டிக்கு இன்னைக்கு இருக்கிற மதிப்பே 'எல்லாம் ஒரிஜினல்' என்ற ஒரு வார்த்தைக்குத்தான். போர் ஏத்தின அன்னைக்கே அந்த வார்த்தையைச் சொல்ற உரிமை போயிடும்.

வண்டி இன்னும் லோனில் இருந்தா விஷயம் வேற. ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பேர் ஏறியிருக்கும். கடைசி இஎம்ஐ முடியுற வரைக்கும் அது அவங்களுக்கு அடமானம். வாரண்டி காலத்தில் இருந்தா, அதையும் மறந்துடலாம்.

'வீட்டுல உலக சாதனையே பண்ணியிருக்காங்களே?'

பண்ணியிருக்காங்க. அதை மறைக்க எனக்கு விருப்பமில்ல. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் பர்ட் மன்ரோன்னு ஒருத்தர். 1920-ல் ஒரு இந்தியன் ஸ்கவுட் பைக் வாங்கினார், 600 சிசி. வீட்டுக் கொட்டகையில் உக்காந்து, பிஸ்டனைக்கூட தானே வார்த்து, வருஷக்கணக்கா அதை 950 சிசி வரை கொண்டு போனார். 1967-ல் அமெரிக்காவின் போனவில் உப்புப் படுகையில் 1,000 சிசிக்குக் குறைஞ்ச பிரிவில் மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர் ஓட்டி சாதனை வெச்சார். அப்போ அவருக்கு 68 வயசு. 2005-ல் ஆண்டனி ஹாப்கின்ஸ் நடிச்சு இவர் கதை படமாவும் வந்துச்சு.

இதுல ரெண்டு விஷயம் பாருங்க. வாங்கினதிலிருந்து சாதனைக்கு 47 வருஷம். உடைஞ்ச பிஸ்டனையும் ராடையும் அடுக்கி வைக்கவே அவர் கொட்டகையில் ஒரு அலமாரி இருந்துச்சு. காசு மிச்சம் பண்ண அவர் இதைச் செய்யல, அது அவரோட வாழ்நாள் ஆசை. ரெண்டாவது, சாதனை நடந்தது பந்தயத்துக்காக ஒதுக்கின உப்புத் தரையில். அங்க எதிர்ல டவுன் பஸ் வராது.

நம்ம தமிழ்நாட்டிலும் அதுக்குன்னு இடம் இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வண்டிக்கு அங்க சோதனை உண்டு, சிசி வாரியா பிரிவு உண்டு, ஹெல்மெட் முதல் ஷூ வரை விதி உண்டு. ஆசை அந்த அளவுக்கு இருந்தா அந்தப் பாதையில் போங்க.

இன்ஜின் கத்துக்கணும்னு மட்டும் ஆசையா? ரொம்ப நல்லது. பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த இன்ஜின் வாங்கி, ஸ்டாண்டில் வெச்சுப் பிரிச்சு மாட்டுங்க. போர் பண்ணுங்க, கிட் போடுங்க, ஓட விட்டுப் பாருங்க. ரோட்டுக்கு வராத இன்ஜினுக்கு ஆர்சியும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். அந்தச் செலவை 'பொழுதுபோக்கு'ன்னு தனித் தலைப்பில் எழுதி, மாசம் இவ்வளவுதான்னு ஒரு வரம்பு வைங்க. சேமிப்புன்னு மட்டும் எழுதாதீங்க.

அப்ப என்னதான் பண்றது?

நான் சொல்ற வரிசை இது.

ஒண்ணு: வண்டியை முதல்ல அதோட சொந்த 97 சிசிக்குக் கொண்டு வாங்க. 'பிக்கப் பத்தல'ன்னு சொல்ற பழைய வண்டிகள் பலதும் தன்னோட ஒரிஜினல் பவரையே கொடுக்காம ஓடிட்டு இருக்கும். டயர் காத்து, செயின் டைட், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் கிளீனிங், வால்வு கிளியரன்ஸ், பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுதா, கிளட்ச் வழுக்குதா, எல்லாத்தையும் பார்க்கச் சொல்லுங்க. கம்ப்ரஷன் குறைஞ்சிருந்தா ரிங்கோ ஓவர்சைஸ் பிஸ்டனோ போட்டு ரிப்பேர் பண்ணுங்க. கிட் செலவில் ஒரு பகுதியிலேயே இது முடிஞ்சிடும். நிறைய பேருக்குக் கேள்வியும் இங்கயே முடிஞ்சிடும்.

ரெண்டு: அப்பவும் பத்தலன்னா, வித்துட்டு மாறுங்க. பேச்சுக்கு, உங்க ஸ்ப்ளெண்டர் 45,000 போகுது, அதே வயசு 125 சிசி வண்டி 65,000-க்குக் கிடைக்குதுன்னா, கைக்காசு 20,000. கிட்டுக்குப் போட்ட அதே தொகை. வித்தியாசம் என்னன்னா, 125-க்காகவே செஞ்ச கிராங்க், கிளட்ச், பிரேக் எல்லாம் அதில் இருக்கும். ஆர்சியிலும் 125-ன்னே இருக்கும். தேர்ட் பார்ட்டி பிரீமியம் அதே 714.

வாங்கும்போது எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பர் போட்டு உரிமையாளர், இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் பாருங்க. படிவம் 29, 30 கையெழுத்து வாங்குங்க. பைனான்ஸில் இருந்த வண்டின்னா படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் இல்லாம காசு கொடுக்காதீங்க. வித்த வண்டியும் அடுத்தவர் பேருக்கு மாறிடுச்சான்னு உறுதி பண்ணுங்க. இல்லன்னா அவர் பண்ற விபத்துக்கு நீங்க கோர்ட் ஏறணும்.

மூணு: புதுசு எடுக்கிறதா இருந்தா அவசரப்படாம திட்டம் போடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான டூவீலருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரிக்கு முன் 80,000 விலையுள்ள வண்டியில் 8,000 ரூபாய் வித்தியாசம். கிட்டுக்குன்னு நினைச்ச 20,000-ஐ முன்பணத்துக்கு ஒதுக்கி, பெட்ரோலில் மிச்சமாகிற 555-ஐயும் மாசா மாசம் ஆர்டியில் போட்டு வந்தா, கடன் தொகை நல்லாவே குறையும்.

இந்த மூணுக்கும் முன்னாடி ஒரு நிபந்தனை. மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி கையில் இல்லாதவங்க வண்டி விஷயத்தில் சர்வீஸைத் தாண்டி எதுவும் பண்ண வேண்டாம்.

ஏற்கனவே கிட் போட்டு ரோட்டில் ஓட்டிட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிளாக்கைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க, வீட்டு மூலையில் எங்கயாவது இருக்கும். அடுத்த இன்சூரன்ஸ் தேதி வர்றதுக்குள்ள அதை எடுத்து மறுபடி மாட்டிடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வேலைதான். அந்த வேலை உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

எத்தனை சிசிக்கு எவ்வளவு பிரீமியம், விபத்து இழப்பீட்டுக் கணக்கு எப்படிப் போடுறாங்கன்னு அடுத்த வீடியோவில் இன்னும் விரிவா பேசறேன். அதுக்குள்ள ஒரு வேலை பண்ணுங்க. ஆர்சியையும் பாலிசியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டுலயும் இருக்கிற சிசி எண் ஒத்துப்போகுதான்னு பாருங்க. வண்டியை மாத்தாதவங்களுக்குக்கூட சில நேரம் அதில் தப்பு இருக்கும். இருந்தா இன்னைக்கே கம்பெனிக்கு எழுதித் திருத்திடுங்க.